கோலி சோடாவும் கடை வாசலும்

கோடை பிறந்துவிட்டால் நம் கடைகளில் முதலில் நகரும் சரக்கு குளிர்பானம்தான். மளிகைக்கடை, பெட்டிக்கடை, டீக்கடை, பேக்கரி எதுவானாலும் பங்குனியிலேயே வாசலில் கேஸ் கேஸாக ஏறிவிடுகிறது. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பும் இதே வாசலில் இதே வியாபாரம் நடந்தது. அன்று இருந்தவை மரப்பெட்டியில் அடுக்கிய கோலி சோடா, ஈரச் சாக்கு போர்த்திய கலர் பாட்டில்கள், கல்லாவுக்குப் பக்கத்தில் கோலியை அமுக்கும் ஒரு மரக்கட்டை. இன்று இருப்பவை கண்ணாடிக் கதவு வைத்த பிரிட்ஜும் பிளாஸ்டிக் பாட்டிலும்.

அந்தக் காலத்துச் சோடாவைப் பற்றிப் பேச்செடுத்தால் ஐம்பது வயதைத் தாண்டிய யாருக்கும் முகம் மலர்ந்துவிடும். 'டப்' என்ற சத்தம், மூக்கில் ஏறும் காஸ், பன்னீர் வாசனை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். வாங்கிக் குடித்தவர்களுக்கு அது இளமைக்கால நினைவு. விற்றவர்களான நமக்கு அதோடு ஒரு தொழில் கணக்கும் உண்டு. அந்தக் கணக்கில் நம் கையில் என்ன இருந்தது, அது எப்போது கைமாறிப் போனது என்பதைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

கோலி செய்த வேலை

கோலி சோடா நம்மூர்க் கண்டுபிடிப்பு என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டில் இங்கிலாந்திலிருந்து வந்தது. தண்ணீரில் காஸை ஏற்ற முடியும் என்பதை ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி 1767-ல் லீட்ஸ் நகரத்து மதுவடிப்பாலை ஒன்றின் பக்கத்தில் இருந்தபடி கண்டுபிடித்தார். அதை வியாபாரமாக்கியவர் ஜேக்கப் ஷ்வெப். 1783-ல் ஜெனீவாவில் கம்பெனி தொடங்கினார். ஆனால் ஏற்றிய காஸைப் பாட்டிலுக்குள் நிறுத்தி வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. தக்கை காய்ந்தால் சுருங்கும், காஸ் போய்விடும். தக்கை நனைந்தே இருக்கவேண்டும் என்பதற்காக நிற்கவே முடியாத, அடி கூரான பாட்டிலைச் செய்து படுக்கவைத்தே விற்றுப் பார்த்தார்கள்.

இந்தத் தொல்லைக்கு வழி கண்டவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1872-ல் அவர் காப்புரிமை பெற்ற பாட்டில்தான் நம் கோலி சோடா பாட்டில். கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாய்க்குக் கீழே ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். பாட்டிலில் தண்ணீரை ஊற்றி இயந்திரத்தின் கூட்டில் வைத்துப் பூட்டி, காஸைத் திறந்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றுவார்கள். கூடு தலைகீழாகப் புரளும். கோலி தானாக வாய்ப்பக்கம் விழும். உள்ளிருக்கும் காஸின் அழுத்தமே கோலியை ரப்பரோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். திறக்கும்போது கோலியை உள்ளே தட்டிவிட்டால் போதும். ஊற்றும்போது அது மறுபடி வாயை அடைக்காமல் இருக்கக் கழுத்தில் இரண்டு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் கீழ்ப்பக்கம் வரும்படி சாய்க்கவேண்டும். இந்தச் சூட்சுமம் தெரியாத வெளியூர்க்காரர் பாட்டிலை ஆட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்காத கடைக்காரர் உண்டா?

வியாபாரி கண்ணோடு பார்த்தால் இந்தக் கோலியில் இரண்டு பெரிய வசதிகள் இருந்தன. முதலாவது, மூடிச் செலவே கிடையாது. இன்று நாம் பார்க்கும் பல் வைத்த தகர மூடியை அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து வில்லியம் பெயின்டர் 1892-ல் காப்புரிமை எடுத்தார். அது வேகமாக அடைக்கும், இயந்திரத்துக்கு ஏற்றது. ஆனால் ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் புது மூடி வேண்டும். கோலிக்கு அது வேண்டாம். ரப்பர் தேய்ந்தால் மாற்றினால் போதும். கையால் இயந்திரம் சுற்றும் சிறு தொழிலுக்கு இதைவிடத் தோதான அடைப்பு இல்லை. இங்கிலாந்தில் வழக்கொழிந்த பிறகும் இந்தப் பாட்டில் நம் நாட்டில் பல தலைமுறைகள் ஓடியதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

இரண்டாவது வசதியைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். கோலி சோடாவில் காஸ் இறங்கிவிட்டால் கோலி கீழே விழுந்துவிடும். செத்த சரக்கு எது, உயிருள்ள சரக்கு எது என்று கடைக்காரரும் வாடிக்கையாளரும் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். பழைய சரக்கைத் தலையில் கட்ட முடியாது. தகர மூடி போட்ட பாட்டிலில் காஸ் இருக்கிறதா இல்லையா என்பது திறந்த பிறகுதான் தெரியும். திறந்த பிறகு வரும் சண்டை கடைக்காரருக்குத்தான்.

பாட்டில்தான் முதல்

சோடா கம்பெனி வைப்பதற்கு அன்று பெரிய மூலதனம் தேவைப்படவில்லை. ஒரு கொட்டகை, நல்ல கிணற்றுத் தண்ணீர், கையால் சுற்றும் ஓர் இயந்திரம், காஸ் சிலிண்டர், எஸ்ஸென்ஸ். தண்ணீர் குளிர்ந்திருந்தால்தான் காஸ் நன்றாக ஏறும் என்பதால் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். பாட்டில் வெடிக்கும் அபாயம் இருந்ததால் சுற்றுகிறவர் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு நிற்பார். வெடித்த சில்லால் கையிலும் முகத்திலும் தழும்பு வாங்கியவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். அந்தக் காலத்துச் சோடா நல்ல சோடா என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இந்தத் தொழிலின் உண்மையான முதல் பாட்டிலில் முடங்கியிருந்தது. உள்ளே இருக்கும் தண்ணீரும் காஸும் சில காசு, வெளியே இருக்கும் கண்ணாடி அதைப்போல் பல மடங்கு. எனவே சோடாக்காரர் நமக்கு விற்றது சோடாவை மட்டுமே, பாட்டில் அவருடையதாகவே இருந்தது. காலையில் சைக்கிளிலோ மாட்டு வண்டியிலோ வருவார், நிரப்பிய பெட்டியை இறக்குவார், காலிப் பெட்டியை ஏற்றுவார், எண்ணிக் கணக்கு முடிப்பார். குறைந்த பாட்டிலுக்குப் பணம் கட்டவேண்டும். கோலிக்கு ஆசைப்பட்டு ஒரு பையன் பாட்டிலை உடைத்துவிட்டால் அன்றைய சோடா லாபம் அதோடு போச்சு. பாட்டில் கடையைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது அதனால்தான் எல்லாக் கடையிலும் எழுதாத சட்டமாக இருந்தது.

இந்தச் சட்டத்தால் நமக்கு ஒரு நன்மை விளைந்தது. சோடா குடிக்க வந்தவர் குடித்து முடிக்கும்வரை கடையிலேயே நின்றார். நின்ற நேரத்தில் கண் நாலு பக்கமும் போகும். வெற்றிலை பாக்கு, கடலை மிட்டாய், சோப்பு, பேப்பர், வீட்டில் சொல்லி அனுப்பிய மறந்துபோன மல்லித்தூள் என்று ஒன்றிரண்டு விற்கும். சோடாவில் கிடைத்த லாபத்தைவிடச் சோடா நிறுத்தி வைத்த ஆளிடம் கிடைத்த வியாபாரம் பெரிது என்று பழைய கடைக்காரர்கள் சொல்வதுண்டு. அது சரியான கணக்கு என்றே நமக்கும் படுகிறது.

பெண் பார்க்க வந்தவர்களுக்கும் திடீர் விருந்தாளிக்கும் 'கலர்' வாங்கி வரப் பையனை ஓட விட்ட வழக்கத்தையும் மறந்துவிட முடியாது. வீட்டுக்கு எடுத்துப்போக அறிமுகமானவருக்கு மட்டும்தான் பாட்டில் கொடுப்போம், அதுவும் காலி திரும்பி வரும் என்ற நம்பிக்கையில். மேடையில் பேசுகிறவர் தொண்டை காய்ந்தால் சோடா, மயங்கி விழுந்தவர் முகத்தில் தெளிக்கச் சோடா, வயிறு பொருமினால் உப்புப் போட்டு எலுமிச்சை பிழிந்த சோடா. கனத்த கண்ணாடி போட்டவருக்கு 'சோடாபுட்டி' என்ற பட்டம் வேறு! ஊரில் அடிதடி என்றால் போலீஸ் முதலில் மூடச் சொல்லும் கடையும் சோடாக்கடைதான். கல்லைவிட விரைவாகக் கைக்குக் கிடைத்த ஆயுதம் அது. அந்த நாட்களில் உடைந்த பாட்டிலுக்கு யாரிடம் போய்ப் பணம் கேட்பது?

அமெரிக்க மருந்துக்கடையில் நடந்தது

கடையிலேயே நிறுத்திக் குடிக்க வைக்கும் வியாபாரம் நம்மூருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் இதே வேலையை மருந்துக்கடைகள் செய்தன. மருந்துக்கடைக்குள் பளிங்குப் பலகை போட்டு, அதில் சோடா வரும் குழாயைப் பொருத்தி, முன்னால் உயரமான முக்காலிகளைப் போட்டிருப்பார்கள். 'சோடா ஃபவுண்டன்' என்று பெயர். பையன் கைப்பிடியை இழுத்து, கண்ணாடித் தம்ளரில் சிரப்பும் சோடாவும் கலந்து கொடுப்பான். வந்தவர் உட்கார்ந்து குடித்துவிட்டு மருந்தும் வாங்கிப் போவார்.

இன்று உலகத்தையே சுற்றிவரும் கோகோ கோலா, 1886-ல் அட்லாண்டா நகரத்து மருந்துக்கடை ஒன்றில் இப்படி ஒரு தம்ளர் ஐந்து சென்ட் விலைக்கு விற்கத் தொடங்கிய சரக்கு. அந்தக் கம்பெனியின் தலைவர் ஏசா கேண்ட்லருக்குப் பாட்டிலில் அடைத்து விற்பதில் நம்பிக்கையே இல்லை. 1899-ல் இரண்டு வக்கீல்கள் வந்து கேட்டபோது நாட்டின் பெரும்பகுதிக்குப் பாட்டிலில் அடைக்கும் உரிமையை ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்! பாட்டில் வீட்டுக்குப் போனது, காரில் போனது, பிறகு சூப்பர் மார்க்கெட் அலமாரிக்குப் போனது. முக்காலியில் உட்கார ஆள் குறைந்தது. 1950-களுக்குப் பிறகு மருந்துக்கடைச் சோடா குழாய்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. சரக்கின் சுவை மாறவில்லை. குடிக்கும் இடம் மாறியதால் மருந்துக்கடைக்காரர் ஒரு வியாபாரத்தை இழந்தார். இந்தச் சேதியை மனதில் வைத்துக்கொண்டு நம் கதைக்கு வருவோம்.

1977-ம் 1993-ம்

தமிழ்நாட்டில் சோடா கம்பெனி இல்லாத ஊர் அன்று அரிது. சென்னையில் ஸ்பென்சர் சோடா, மதுரையில் மாப்பிள்ளை விநாயகர், விருதுநகரில் பழனியப்ப நாடார் 1916-ல் தொடங்கிய காளி மார்க் என்று பெயர் பெற்றவை சில. தெருப்பெயரையோ சாமி பெயரையோ வைத்துக்கொண்டு பத்து மைல் சுற்றளவுக்கு மட்டும் போட்டவை கணக்கில்லாதவை.

1977 இவர்களுக்கெல்லாம் நல்ல காலம். அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுக் கம்பெனி தன் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கவேண்டும் என்று ஜனதா அரசு கண்டிப்புக் காட்டியதும் கோகோ கோலா நாட்டைவிட்டு வெளியேறியது. அடுத்த பதினாறு ஆண்டுகள் தம்ஸ் அப், கோல்டு ஸ்பாட், லிம்கா, கேம்பா கோலா ஆகியவை வடக்கிலும் தெற்கிலும் ஓடின. நம் பக்கத்தில் காளி மார்க்கின் பொவண்டோ முதலியவை தோளோடு தோள் நின்றன. கோலி சோடாவும் கீழே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்காரருக்குச் சரக்கு வாங்க நாலு இடம் இருந்தது. நாலு இடம் இருந்தால் விலை பேசலாம், ஒருவர் கடன் தரவில்லை என்றால் அடுத்தவரிடம் போகலாம்.

1990-ல் பெப்சி உள்ளே வந்தது. 1993-ல் கோகோ கோலா திரும்பி வந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் உள்ளிட்ட பார்லே கம்பெனியின் பெயர்களை ஒட்டுமொத்தமாக விலைக்கு வாங்கியது. நேற்றுவரை போட்டிச் சரக்கு, இன்று ஒரே முதலாளி. கோல்டு ஸ்பாட் சில ஆண்டுகளில் சந்தையிலிருந்தே போய்விட்டது. அப்போது நம்மில் பலர் விளம்பரத்தைப் பார்த்து மலைத்தோம். சோடாக்காரரை வீழ்த்தியதில் விளம்பரத்தின் பங்கு பாதிதான். மீதிப் பாதியை பிரிட்ஜ் செய்தது.

பிரிட்ஜ் இலவசம் என்றார்கள், வாங்கி வைத்தோம். அதற்குள் வேறு கம்பெனிச் சரக்கை வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. கரண்டு பில் நம்முடையது, இடம் நம்முடையது, வாசலில் கண்ணில் படும் முதல் அடியும் நம்முடையது. ஐஸ்பெட்டியிலும் ஈரச் சாக்கிலும் இருந்த உள்ளூர்ச் சோடா, 'ஜில்லென்று இருக்கிறதா?' என்ற ஒரே கேள்வியில் தோற்றது. 2003 வாக்கில் 200 மில்லி பாட்டிலை ஐந்து ரூபாய்க்கு இறக்கியபோது விலையில் இருந்த கடைசி இடைவெளியும் அடைபட்டது. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் பாட்டில் எங்கும் பரவியது. காலி திரும்பி வரவேண்டிய அவசியமில்லை, எண்ண வேண்டாம், உடையாது. நமக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் வாடிக்கையாளர் பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நடந்துவிட்டார். அமெரிக்க மருந்துக்கடைக்கு நேர்ந்தது நம் பெட்டிக்கடைக்கும் நேர்ந்தது.

சோடாக்காரர் பக்கத்திலும் குறை இருந்தது. கோலி உள்ளே கிடப்பதால் அந்தப் பாட்டிலைப் பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவுவது கடினம். தண்ணீரின் சுத்தத்தைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரி கவலைப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. லேபிள் இல்லை, தேதி இல்லை. உணவுச் சட்டம் கடுமையானபோது பலர் இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

2017-ல் கிடைத்த பாடம்

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தபோது வெளிநாட்டுக் குளிர்பானங்களுக்கு எதிராகவும் இளைஞர்கள் குரல் கொடுத்தார்கள். அதையொட்டித் தமிழக வணிகர் அமைப்புகள் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தன. நம் கடைகள் பலவற்றிலும் அந்தப் பலகை தொங்கியது. பொவண்டோ இருக்கிறதா, பன்னீர் சோடா இருக்கிறதா என்று பள்ளிப் பிள்ளைகளே கேட்டு வந்தார்கள்.

கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கச் சரக்கு எங்கே? பாட்டிலும் வண்டியும் ஆளும் ஒரே மாதத்தில் முளைக்காது. சில உள்ளூர்க் கம்பெனிகள் நன்றாகவே முன்னேறின. ஆனால் பல ஊர்களில் அலமாரி காலியாகக் கிடந்தது. கோடை உச்சத்துக்கு வந்தபோது ஒவ்வொரு கடையாகப் பழைய சரக்கு திரும்பியது. பிரிட்ஜ் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. அந்த வணிகர்களைக் குறை சொல்லி என்ன பயன்? விற்காதே என்று தீர்மானம் போட ஒரு நாள் போதும். வேறொன்றை விற்க வைக்க முன்கூட்டியே சரக்கு, குளிர்சாதனம், கடன் தவணை மூன்றும் வேண்டும். 2023-ல் கேம்பா கோலா என்ற பழைய பெயரை ரிலையன்ஸ் மறுபடி இறக்கி, 200 மில்லி பத்து ரூபாய் என்று விலை வைத்தபோது இந்த மூன்றையும் கையோடு கொண்டுவந்தது. சிறு சோடாக்காரருக்கு இப்போது போட்டி இரண்டு பக்கமிருந்தும் வருகிறது.

வரியில் ஒரு முடிச்சு

இப்போது கோலி சோடாவுக்கு மறுபடி கேள்வி இருக்கிறது. கல்யாண மண்டபங்களில் தனியாக ஒரு மேசை போட்டுக் கொடுக்கிறார்கள். நகரத்து உணவகங்களில் பழைய ஞாபகம் என்று நல்ல விலைக்கே போகிறது. 2025-ல் மத்திய வர்த்தக அமைச்சகம் கோலி சோடா வளைகுடா நாடுகளுக்கும் அமெரிக்கா, இங்கிலாந்துக்கும் ஏற்றுமதியாவதை அறிவித்தது. ஜப்பானில் இதே கோலி பாட்டிலில் 'ராமுனே' என்ற பானம் இன்றும் திருவிழாக் கடைகளில் விற்கிறது. எனவே பாட்டில் பழையது என்பதால் சரக்கு செத்துவிடாது.

ஆனால் உள்ளூரில் தொழில் நடத்துகிறவருக்கு வரி ஒரு பெரிய முடிச்சாக இருக்கிறது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது காஸ் ஏற்றிய இனிப்புப் பானத்துக்கு 28 சதவீத வரியும் 12 சதவீத செஸ்ஸும் விதித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய், நேராக 40 சதவீதமாகிவிட்டது. பல நூறு கோடிக்கு விற்கும் கம்பெனிக்கும் இதே 40, கொட்டகையில் பன்னீர் சோடா போடுகிறவர் ஜி.எஸ்.டி. பதிவு வரம்பைத் தாண்டிவிட்டால் அவருக்கும் இதே 40. மற்றச் சிறு உற்பத்தியாளர்கள் விற்றுமுதலில் ஒரு சதவீதம் கட்டிவிட்டுப் போகும் இணக்கமுறையில் சேரலாமா என்றால், இந்தச் சரக்குக்கு அந்த வழியை 2019 அக்டோபரிலேயே அடைத்துவிட்டார்கள். இது சிறு தொழிலைப் பெருந்தொழிலின் தட்டில் வைத்து நிறுக்கும் தராசு. சங்கங்கள் மனுக் கொடுக்கவேண்டிய விஷயம் இது.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று. சர்க்கரையும் வாசனையும் சேர்க்காத வெறும் சோடா வேறு தலைப்பில் வருகிறது. அதற்கு வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வெறும் சோடா வாங்கி, கடையிலேயே எலுமிச்சை பிழிந்தோ நன்னாரி சர்பத் கலந்தோ கொடுத்தால் சரக்குக்கு நாம் கொடுக்கும் விலையிலேயே வித்தியாசம் தெரியும். வாடிக்கையாளரும் குடித்து முடிக்கும்வரை கடையில் நிற்பார். கடையில் கலந்து கொடுக்கும் பானத்துக்கு நம் பக்கத்தில் என்ன வரி என்பதை மட்டும் அவரவர் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கோலி சோடா இறக்கலாம் என்று நினைக்கும் அன்பர்கள் முதல் சரக்கு வரும்போதே பார்த்து வாங்கவேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தயாரித்த தேதியும் பாட்டிலிலோ லேபிளிலோ இருக்கவேண்டும். கோலி மேலே இறுகி நிற்கவேண்டும். இறங்கிக் கிடந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்புங்கள். வெயில் படும் இடத்தில் அடுக்காதீர்கள். கண்ணாடிப் பாட்டிலுக்கு டெபாசிட் கேட்பார்கள், அதில் தவறில்லை. மதுப்பாட்டிலுக்கே காலியைத் திருப்பினால் பத்து ரூபாய் என்று 2022-ல் நீலகிரியில் அரசு தொடங்கிய திட்டம், நம் தாத்தா காலத்துச் சோடாக்காரரின் முறைதானே? அந்த டெபாசிட்டைச் சரக்கு விலையோடு சேர்க்காமல் பில்லில் தனி வரியாக எழுதி வாங்குங்கள். எத்தனை பெட்டி இறங்கியது, எத்தனை காலி ஏறியது என்பதற்கு ஒரு சின்ன நோட்டு வைத்து, வண்டிக்காரரிடம் அன்றன்றே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.